நூற்றியொரு அடி

முதல் அடி காற்றில் போயிற்று. பந்து அதுபாட்டுக்கு மரக்குச்சியின் மேல் உட்கார்ந்திருந்தது. ஆவுடையப்பன்தான் ஒரு சுற்றுச் சுற்றிக் கடலைப் பார்த்து நின்றார். காலில் இருந்தது வருங்கால மருமகன் நிமலனின் ஷூ, இரண்டு அளவு பெரிது, ஆகையால் அவர் திரும்பிய பிறகும் ஷூ பழைய திசையிலேயே நின்றது. "பரவாயில்லை சம்பந்தி, இன்னொருக்கா அடியுங்கோ" என்றார் தர்மகுலசிங்கம். நிமலனின் அப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது. சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு அட்டையையும் கட்டைப் பென்சிலையும் எடுத்து ஒரு கோடு போட்டார். "காத்தில அடிச்சதையும் எண்ண வேணும். அதுதான் முறை, குறை நினையாதேங்கோ." குறை நினைக்க என்ன இருக்கிறது? ஆவுடையப்பனுக்குப் புல்லரித்தது. பந்தில் படாத அடிக்கும் எதிராளிக்கு ஒரு ரன் போட்டுக்கொடுக்கிற மனிதரை அவர் இதுவரை பார்த்ததில்லை. இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மகள் மதி போகப்போகிறாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை நிச்சயம், அதற்குள் நாம் எதையும் கெடுக்காமல் இருக்க வேண்டும், நெல்லையப்பா. இரண்டாவது அடியில் பந்து பத்தடி உருண்டு புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. மூன்றாவதில் புல் மட்டும் பறந்தது. பெயர்ந்து விழுந்த புல்கட்டியைத் தர்மகுலசிங்கம் குனிந்து எடுத்து, பெயர்ந்த இடத்திலேயே வைத்து, காலால் மிதித்துச் சரிசெய்தார்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் அவரைப்போல அல்லாடுவீர்கள். கோல்ஃபில் குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போடுகிறவன்தான் ஜெயித்தவன். இது தர்மகுலசிங்கத்துக்குத் தெரியும், பின்னால் காத்திருந்த இரண்டு வெள்ளைக்காரக் கிழவர்களுக்குத் தெரியும், புல்லில் நடந்து திரிந்த கடற்காகங்களுக்குக்கூடத் தெரிந்திருக்கலாம். ஆவுடையப்பனுக்கு யாரும் சொல்லவில்லை. திருச்சியில் முப்பத்து நாலு வருஷம் ரயில்வே கன்ட்ரோல் அறையில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நிமிஷம் எந்த ஸ்டேஷனைத் தாண்டுகிறது என்று பென்சிலால் கோடு போட்டே ஓய்வு பெற்றவர் அவர். விளையாட்டு என்றால் கிரிக்கெட், கிரிக்கெட் என்றால் ரன், ரன் என்றால் கூடக் கூட நல்லது. இந்த மூளையோடு அவர் மைதானத்துக்குள் நுழைந்து, முதல் குழியிலேயே ஒரு முழுச் சித்தாந்தம் உண்டாக்கிவிட்டார்: ஒரு அடி என்பது ஒரு ரன், பந்து குழிக்குள் விழுந்தால் அவுட், விழாமல் தாக்குப்பிடிக்கிறவரை ஓட்டம் ஏறும். இதைவிடத் தெளிவாக ஒரு ஆட்டம் இருக்க முடியாது. தர்மகுலசிங்கம் பாவம், ஐந்தே அடியில் அவுட் ஆகிவிட்டார். ஆனாலும் என்ன பெருந்தன்மை, அவுட் ஆனதும் தாமே "ஆ, நல்லது" என்று சிரித்துக்கொண்டு குழிக்குள் கைவிட்டுப் பந்தை எடுக்கிறார். ஆவுடையப்பன் அவுட் ஆகாமல் பதினொன்று வரைக்கும் போய்விட்டார். "உங்களுக்குப் பதினொண்டு, எனக்கு ஐஞ்சு" என்று தர்மகுலசிங்கம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஐயோ, வருத்தப்படுகிறாரே. இரு மடங்குக்கு மேலே ஆகிவிட்டதே. மனைவி கோமதி காலையில் காபியைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இந்தா பாருங்க, ஒண்ணு, ஜெயிச்சுத் தொலைக்காதீங்க. ரெண்டு, வாயத் தொறக்காதீங்க. மூணாவது ஒண்ணும் இல்ல, இந்த ரெண்டையும் செஞ்சா போதும்." முதல் குழியிலேயே ஒன்றாவது கட்டளை போயிற்று.

ஜெயிக்காதே என்று ஒரு மனைவி புருஷனிடம் சொல்லக் காரணம் வேண்டாமா? காரணம் மாயவரம். ஆறு வருஷத்துக்கு முன்னால் திருச்சியில் மதிக்கு ஒரு இடம் கூடிவந்தது. பையன் நல்ல பையன், தட்டு மாற்ற நாள் குறித்தாயிற்று, அன்றைக்குச் சும்மா பேசிப்போக வந்திருந்தார்கள். கேசரி சாப்பிட்ட தெம்பில் பையனின் அப்பா தம் கல்யாணக் கதையை எடுத்தார். எண்பத்தொன்றில் புதுசாகக் கல்யாணமாகி நானும் இவளும் கார்டு லைனில் மெட்ராஸ் போனோம், விடிகாலையில் மாயவரம் ஸ்டேஷனில் வண்டி நின்றது, ஒரே டம்ளரில் ஆளுக்குப் பாதி காபி குடித்தோம் என்றார். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள், எல்லாரும் ஆஹா என்றார்கள். ஆவுடையப்பனும் ஆஹா என்று சொல்லியிருக்கலாம். ஆஹா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் சொன்னது, "கார்டு லைன்ல மாயவரம் வராதுங்களே." விருத்தாசலம், அரியலூர் என்று போகிற குறுக்குப் பாதையில் மாயவரம் எங்கிருந்து வரும், அது சிதம்பரம் வழியாகத் தஞ்சாவூர் சுற்றிக்கொண்டு போகிற மெயின் லைன் அல்லவா. "என் கல்யாணக் கதை எனக்குத் தெரியாதா?" என்று அவர் கேட்டார். அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆவுடையப்பன் எழுந்து உள்ளே போய், பீரோவைத் திறந்து, எண்பத்தொன்றாம் வருஷத்துக் கால அட்டவணையை எடுத்து வந்து, பக்கம் பிரித்து, விரல் வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் கையிலிருந்த காபி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மறுநாள் சாயங்காலம் மதி வந்து, "அது சரிப்படலப்பா, விட்டுடுங்க" என்றாள். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் ஆஸ்திரேலியாவில் வேலை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. ஆறு வருஷமாக வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறாள், சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களாப்பா என்று எல்லாம் கேட்கிறாள், மாயவரத்தை மட்டும் எடுப்பதே இல்லை. அந்த எடுக்காத மாயவரம்தான் ஆவுடையப்பனை அரித்தது. நான் ஜெயித்தேன், அவள் தோற்றாள் என்று தனக்குள் அவர் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகையால்தான், "கோல்ஃப் விளையாடுவமோ சம்பந்தி?" என்று தர்மகுலசிங்கம் கேட்டதும், அந்தக் கோலைக் கையால் தொட்டறியாத மனிதர், "அதுக்கென்ன, ஆடலாமே" என்றார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டு மாட்டேன் என்பதா.

இரண்டாவது குழியில் தோற்றே தீருவது என்று இறங்கினார். சீக்கிரம் அவுட் ஆக வேண்டும், அவ்வளவுதானே. குழியைப் பார்த்து அடி, குழியைப் பார்த்து அடி என்று மனசுக்குள் ஜபித்துக்கொண்டு அடித்தார். பந்து இடது பக்கம் போயிற்று. வலது பக்கம் போயிற்று. ஒரு தடவை அவர் காலுக்கே திரும்பி வந்தது. ஒன்பது. தர்மகுலசிங்கம் நாலில் அவுட். மூன்றாவது குழிக்குப் பக்கத்தில் ஒரு மணல் பள்ளம் இருந்தது, யாரோ வேண்டுமென்றே தோண்டி வைத்தது, அதற்குள் இறங்கியவர் கிணற்றுக்குள் விழுந்த ஆடு மாதிரி ஏற முடியாமல் நின்று மணலை வாரி வாரி அடித்தார். வாயெல்லாம் மணல், உப்பு, காற்று வேறு பனாமாத் தொப்பியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அடிக்க அடிக்க ரன் ஏறுகிறதே என்று பதறினார். மனிதனாகப் பிறந்தவனுக்கு ஜெயிக்கத் தெரியாமல் போவது உண்டு, அவுட் ஆகக்கூடத் தெரியாமல் போகுமா? பதின்மூன்று. ஒவ்வொன்றாக எண்ணியிருந்தார், அது தொழில் புத்தி, விடாது. கரையேறி வந்தால் தர்மகுலசிங்கம் அட்டையில் எழுதிக்கொண்டே, "ஒன்பது எண்டு போடுறன்" என்றார்.

ஒன்பதா? ஆவுடையப்பனின் வாய் பாதி திறந்துவிட்டது. கோமதியின் முகம் கண்ணுக்கு முன் வந்தது, மூடிக்கொண்டார். எண்ணிக்கை தவறியிருக்கும், வயசான மனிதர், மணலுக்குள் இருப்பவனைச் சரியாகப் பார்த்திருக்க முடியாது. நாலாவது குழியில் பன்னிரண்டு அடித்தார். "எட்டு." ஐந்தாவதில் பத்து. "ஏழு எண்டு வைப்பம்." அதோடு போயிற்றா, தாம் ஐந்து அடித்துவிட்டு "எனக்கு ஆறு" என்று ஒன்றைக் கூட்டி எழுதினார். அந்த இடத்தில் ஆவுடையப்பன் நின்றுவிட்டார். என் ரன்னைக் குறைக்கிறார், தம் ரன்னைக் கூட்டுகிறார். பட்டப்பகலில், கடல் பார்க்க, பென்சிலால். காற்றில் அடித்ததற்கு முதல் குழியில் ரன் கொடுத்தாரே, அதெல்லாம் நம்பவைக்கிற வேலைதானா? ரயில்வேயில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இப்படித்தான், முதல் மாதம் அரை நிமிஷத் தாமதத்தைக்கூடச் சொல்வான், நம்பின பிறகு அரை மணியை முழுங்குவான். அப்பனே இப்படி என்றால் பையன் எப்படி? நிமலன் நேற்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு இடியாப்பம் போதும் என்று சொல்லி ஐந்து சாப்பிட்டானே, அதுவும் இதுதானோ? சேச்சே, இடியாப்பத்துக்கும் இதுக்கும் என்ன. இல்லை, எண்ணிக்கை எண்ணிக்கைதான். மதியிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது, உன் மாமனார் பன்னிரண்டை எட்டு என்று எழுதுகிறார் என்றா? அவள் திரும்பிப் பார்ப்பாளே, ஒரு பார்வை, மாயவரப் பார்வை. முப்பத்து மூன்று வயசாகிறது, தானாகப் பார்த்துத் தானாகச் சிரித்து ஒரு பையனைக் கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறாள், அந்தச் சிரிப்பு அவள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது பார்த்த சிரிப்பு. வேண்டாம், எட்டே இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பன்னிரண்டு அல்லவா? நடந்தது பன்னிரண்டு. நடந்ததை நடக்கவில்லை என்று எழுதினால் அப்புறம் அந்த அட்டைக்கு என்ன மதிப்பு? இருக்கட்டும், அட்டைக்கு மதிப்பு இல்லாவிட்டால் என்ன, பெண்ணுக்கு வாழ்க்கை இருக்கிறது. இப்படி ஒரு அடிக்கு இந்தப் பக்கமும் மறு அடிக்கு அந்தப் பக்கமுமாக நினைத்துக்கொண்டே நடந்ததில் பந்தைத் தாண்டிப் போய்விட்டார். தர்மகுலசிங்கம் கூப்பிட்டுத் திரும்ப வரவேண்டியதாயிற்று.

ஆறாவது குழி பாறை விளிம்பில் இருந்தது, கீழே கடல். அங்கேதான் அவருக்கு அன்றைய முதல் நல்ல அடி விழுந்தது. கோல் பந்தில் பட்ட சத்தமே வேறு, கைக்குள் ஒரு சுகம் ஓடிற்று, பந்து வெள்ளையாக எழும்பி, நிதானமாக, அழகாகக் கடலுக்குள் போய் விழுந்தது. சிக்ஸர்! தம்மை மறந்து கையைத் தூக்கிவிட்டார். "பரவாயில்லை, வேறை பந்து வைச்சு அடியுங்கோ. ஆனா ஒண்டு கூடும்" என்றார் தர்மகுலசிங்கம். பந்தைத் தொலைத்ததற்கு ஒரு ரன் கூடவா? இந்த நாட்டை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். மொத்தம் பதினாலு, அட்டையில் ஒன்பது. ஆவுடையப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டு கப்பல் ஒன்று போவதைப் பார்த்தார். கப்பல் அசைவதாகவே தெரியவில்லை. தம் கட்டுப்பாட்டில் இருந்தால் அது எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு ஓடிற்று, அதை அதட்டி நிறுத்தினார்.

ஏழாவது முடிந்ததும் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துத் தர்மகுலசிங்கம் பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் ஊற்றினார், டப்பாவைத் திறந்து தட்டைவடை கொடுத்தார். "என்ரை மனுசி செய்தது. எடுங்கோ, எடுங்கோ." வடை காரமாக, மொறுமொறுவென்று, இஞ்சித் தேநீரோடு தொண்டையில் இறங்கியபோது ஆவுடையப்பனுக்கு அழுகை வரும்போல இருந்தது. இவ்வளவு நல்ல வடை செய்கிற வீடு. இவ்வளவு பரிவாகக் கொடுக்கிற கை. அதே கைதானே ஒன்பதை ஆறு என்று எழுதியது, இப்போதுதான், இந்தப் பெஞ்சில் உட்காருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால். நிமலனின் ஷூ குதிகாலைத் தேய்த்துக் கொப்புளம் போட்டிருந்தது. "கால் நோகுதோ? வேணுமெண்டா இதோட நிப்பாட்டுவம்" என்றார் அவர். "இல்ல, இல்ல, முடிச்சிரலாம்" என்றார் இவர். எத்தனை வடை சாப்பிட்டோம் என்று தம்மையறியாமல் எண்ணியிருந்தார். நாலு. அதையும் அவர் போய் வீட்டில் இரண்டு என்று சொல்வாரோ?

எட்டாவதில் பன்னிரண்டு, அட்டையில் எட்டு. ஒன்பதாவது குழிக்கு வந்தபோது சூரியன் உச்சிக்கு ஏறியிருந்தது, காற்று நின்றிருந்தது, தூரத்தில் கார்கள் நிற்கும் இடம் தெரிந்தது. அங்கே மதியின் மஞ்சள் துப்பட்டாவும் தெரிந்தது, கூட்டிப்போக வந்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு குழி, ஆவுடையப்பா, ஒரே ஒரு குழி வாயை மூடிக்கொண்டிரு. பதினொன்று அடித்து முடித்தார். தர்மகுலசிங்கம் நாலில் முடித்திருந்தார். பென்சில் அட்டைக்குப் போயிற்று. "உங்களுக்கு ஏழு, எனக்கு ஐஞ்சு. பாருங்கோ, கடைசியில கிட்டத்தட்டச் சரிக்குச் சரியா வந்திட்டீங்கள்" என்றார் சந்தோஷமாக.

"பதினொண்ணு" என்றார் ஆவுடையப்பன்.

சொன்னது அவர் இல்லை, அந்த முப்பத்து நாலு வருஷம். சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. முடிந்தது, எல்லாம் முடிந்தது, இனி நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும் மிச்சமும் வந்துவிட்டது. "ஏழு இல்ல சம்பந்தி, பதினொண்ணு. உங்களுக்கு அஞ்சு இல்ல, நாலு. போன குழில எனக்குப் பன்னெண்டு, நீங்க எட்டுன்னு எழுதினீங்க. மூணாவதுலேர்ந்து இப்படித்தான். எங்க ஊர்ல இதுக்குப் பேரு வேற." கோலை ஊன்றிக்கொண்டார். "நீங்க ஜெயிக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாமே. நான் தோக்கறதுக்குத்தான் வந்தேன். காலையிலேர்ந்து அவுட் ஆகத்தான் பாக்கறேன், முடியல."

தர்மகுலசிங்கம் அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "பொறுங்கோ. கூட அடிச்சா வெற்றி எண்டோ நினைச்சீங்கள்?"

"பின்ன?"

"ஐயோ சம்பந்தி, குறைய அடிச்சவன்தான் வெண்டவன். உங்களுக்கு மனம் நோகக்கூடாது எண்டுதான் குறைச்சுக் குறைச்சு எழுதினன். நான் நல்லா விளையாடுறன் எண்டு வந்திடக் கூடாது எண்டு எனக்கு ஒண்டு ஒண்டு கூட்டினன்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்துச் சிரித்து, முடியாமல், புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை சொன்னது சரிதான். மாயவரம், மாயவரம்" என்றார்.

ஆவுடையப்பன் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "மாயவரமா? மதி அதச் சொன்னாளா?"

"முதல் நாளே சொன்னவ. முந்தி ஒரு இடம் பேசி நிண்டுபோச்சு, ஏனெண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ எண்டு. அந்தப் பெடியன்ரை அப்பா அடுத்த நாள் காலமை பிள்ளைக்குப் போன் எடுத்தவராம். உங்கடை அப்பா வந்து மன்னிப்புக் கேக்க வேணும், கார்டு லைனில மாயவரம் வரும் எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்ல வேணும், அப்பத்தான் தட்டு மாத்துவம் எண்டவராம். அதுக்குப் பிள்ளை, வராது எண்டவவாம். என்ன வராது எண்டு அவர் கேக்க, கார்டு லைனில மாயவரம் வராது எண்டு சொல்லிப்போட்டுப் போனை வைச்சிட்டாவாம்."

"அவங்கதான் வேண்டாம்னு..."

"இல்லை. பிள்ளைதான் வேண்டாமெண்டது. அப்பாட்டை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ எண்டவ. சொன்னா, அந்த ஆளுக்கு டைம் டேபிளைத் தபாலில அனுப்பிப்போடுவார் எண்டு பயம்."

ஆவுடையப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆறு வருஷம். வாரத்துக்கு இரண்டு போன். மாத்திரை போட்டீங்களாப்பா. அவள் தோற்றாள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்த ஆறு வருஷமும் அந்தப் பெண் தம் பக்கம் நின்றிருந்திருக்கிறாள், சொல்லாமல், ஒரு ஸ்டேஷன் பெயருக்காக. மனசு நிறைந்து எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டார், மணல் வந்தது. தர்மகுலசிங்கம் அந்தப் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "இதை என்ன செய்வம்?" என்று அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"அழிச்சிட்டுச் சரியா எழுதுங்க" என்றார் ஆவுடையப்பன். பென்சிலின் பின்பக்கம் ரப்பர் இல்லை, ஆகையால் அடித்து அடித்து எழுத வேண்டியிருந்தது. அவர் ஒரு எண்ணும் தடுமாறாமல் சொன்னார்: பதினொன்று, ஒன்பது, பதின்மூன்று, பன்னிரண்டு, பத்து, கடல் ரன்னோடு சேர்த்துப் பதினாலு, ஒன்பது, பன்னிரண்டு, பதினொன்று. மொத்தம் நூற்றியொன்று. தர்மகுலசிங்கத்துக்கு நாற்பத்து நாலு. ஐம்பத்தேழு அடி வித்தியாசத்தில் தோற்றதற்கு அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கோமதி கேட்டால் காட்டலாம்.

மதி காரில் சாய்ந்து நின்றிருந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தர்மகுலசிங்கம் கோல்களை வைக்கிற சாக்கில் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார். ஆவுடையப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே நின்றார். கேட்க எவ்வளவோ இருந்தது, ஏன் சொல்லலே என்று, எப்படிம்மா அப்படிச் சொன்னே என்று, உனக்கு வருத்தமா இல்லையா என்று.

"மதி, கார்டு லைன்ல மாயவரம்..." என்றார்.

"வராதுப்பா" என்றாள் அவள். "வெயில் ஏறுது, வண்டில ஏறுங்க."